விலாசம் உள்ளவர்களின் ஊர்

ஆகஸ்ட் மாதம் பிறந்தால் போதும், சமூக ஊடகம் முழுக்கப் பழைய மதராஸ்தான். 2004-இலிருந்து ஆகஸ்ட் 22-ஐ மதராஸ் தினம் என்று கொண்டாடி வருகிறோம். அதையொட்டி யாராவது ஒரு பழைய வணிக டைரக்டரியின் பக்கங்களை ஸ்கேன் செய்து போடுவார்கள். மவுண்ட் ரோட்டின் ஸ்பென்சர்ஸ், ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை, பி. ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரங்கள், சிம்ப்சன் கோச்சு வண்டிகள். பூ வேலைப்பாட்டு எழுத்து, மஞ்சள் பூத்த தாள். கீழே வழக்கமான பெருமூச்சு: "எப்படி இருந்த ஊரு!"

எப்படித்தான் இருந்தது? யாருக்கு அப்படி இருந்தது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் அந்தப் பக்கத்தைப் பகிர்வது வரலாறு ஆகாது, அது விளம்பரம். நூறு வருஷம் கழித்தும் கூலி வாங்காமல் அந்தக் கம்பெனிக்கு விளம்பரம் செய்து கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

டைரக்டரியை வெறுக்கச் சொல்ல இதை எழுதவில்லை. ஒரு ஊரின் சமூக வரலாற்றை எழுத உட்கார்கிறவருக்குப் பழைய டைரக்டரியைப் போல உதவும் ஆவணங்கள் குறைவு. ஆனால் அதை இரண்டு கோஷ்டிகள் கெடுத்து வைத்திருக்கின்றன. ஒரு கோஷ்டி அதைக் குப்பை என்கிறது. இன்னொரு கோஷ்டி அதை ஆல்பம் ஆக்கிவிட்டது. இருவரோடும் எனக்குச் சண்டை இருக்கிறது.

அது என்ன புத்தகம்?

முதலில் அடிப்படை. 1677-இல் சாமுவேல் லீ என்பவர் லண்டன் வணிகர்களின் பெயர்களைத் தொகுத்து ஒரு சின்னப் புத்தகம் போட்டார். யாரைப் பார்க்க எங்கே போக வேண்டும் என்று சொல்லும் பட்டியல். அந்த வகையில் முன்னோடி அதுதான். நூறு வருஷம் கழித்து, 1772-இல், மான்செஸ்டர் நகரத்தின் முதல் டைரக்டரியைத் தொகுத்து வெளியிட்டவர் எலிசபெத் ராஃபால்ட். பெண். மிட்டாய்க் கடை வைத்திருந்தவர், சமையல் புத்தகம் எழுதியவர், வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் பதிவகமும் நடத்தியவர். யாருக்கு யார் தேவை, அவர் எங்கே இருக்கிறார் என்பது அவர் தொழிலிலேயே இருந்தது. அடுத்த நூற்றாண்டில் லண்டன் தபால் துறையில் அதிகாரியாக இருந்த கெல்லி, கடிதம் கொண்டுபோகும் தபால்காரர்களை வைத்தே பெயர்களைத் திரட்டினார். அரசாங்க ஆளை வைத்துச் சொந்த வியாபாரமா என்று அப்போதே எதிர்ப்பு வந்தது. ஆனால் கெல்லி டைரக்டரி நின்றுவிட்டது.

ஆக, டைரக்டரி பிறக்கும்போதே ஒரு கடைச்சரக்கு. வரலாற்றுக்கென்று யாரும் அதைப் போடவில்லை. வாங்குகிறவனுக்குத் தேவையான பெயர் உள்ளே இருக்கும், தேவையில்லாத பெயர் இருக்காது. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கும்.

மதராஸுக்கு வருவோம். இங்கே பல தலைமுறைகள் புழங்கியது அசைலம் பிரஸ் அல்மனாக். பஞ்சாங்கமும் டைரக்டரியும் சேர்ந்த புத்தகம். தேதி, அரசு அதிகாரிகள் பட்டியல், நீதிமன்றம், பட்டாளம், வணிக நிறுவனங்கள், ஐரோப்பியக் குடிமக்களின் பெயர் வரிசை எல்லாம் ஒரே அட்டைக்குள். பெயரில் இருக்கும் அந்த 'அசைலம்' என்ன? ஆண் அநாதை இல்லம். ஐரோப்பியச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்காகப் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் மதராஸில் தொடங்கப்பட்டது. அந்தப் பிள்ளைகளில் பலருடைய அம்மாக்கள் இந்த ஊர்ப் பெண்கள். அந்த இல்லத்தின் பெயரைத் தாங்கிய அச்சகத்தில் இருந்துதான் ஐரோப்பியக் குடிமக்களின் பட்டியல் வருஷா வருஷம் வெளிவந்தது. அப்பாவின் வகையறாவுக்குப் பக்கம் பக்கமாக இடம். அம்மாவுக்கு ஒரு வரி கூடக் கிடையாது.

பட்டியலின் அரசியலை விளக்க இதற்கு மேல் உதாரணம் தேட வேண்டியதில்லை.

குப்பை என்பவர்களுக்கு

"விளம்பரக் காகிதம் சார் அது, அதை வைத்து என்ன வரலாறு எழுதுவது?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களிடம் திருப்பிக் கேட்கிறேன்: நீங்கள் எதை வைத்து ஊர் வரலாறு எழுதுகிறீர்கள்?

தமிழில் வரும் ஊர் வரலாற்றுப் புத்தகங்களில் பத்தை எடுத்துப் பாருங்கள். முதல் அத்தியாயம் பெயர்க் காரணம். இரண்டாவது, தல புராணம். மூன்றாவது, எந்த அரசன் எந்தக் கல்வெட்டில் அந்த ஊரைக் குறிப்பிட்டான் என்பது. அப்புறம் வெள்ளைக்காரன், சுதந்திரப் போராட்டம், ஊருக்கு வந்த தலைவர்கள். கடைசியில் எழுதியவருடைய சாதியின் பூர்விகப் பெருமை, வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ. இடையில் அந்த ஊர்ச் சனங்கள் எதைச் செய்து பிழைத்தார்கள் என்று ஒரு பக்கம் இருந்தால் அதிர்ஷ்டம். மளிகைக் கடை யார் வைத்தார், அவருக்கு முன்னால் அந்த இடத்தில் என்ன இருந்தது, லாந்தர் ரிப்பேர் செய்தவர் மின்சாரம் வந்ததும் என்ன ஆனார்? ஊர் என்பது இந்தக் கேள்விகள்தானே? கோபுரமும் கல்வெட்டும் மட்டுமா ஊர்?

இன்னொரு காரணம் இதைவிட முக்கியம். இங்கிலாந்தில் ஒரு தெருவின் சரித்திரத்தை எழுதுகிறவருக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுவாரிப் பதிவேடுகள் நூறு வருஷம் கழித்துத் திறந்துவிடப்படுகின்றன. எந்த வீட்டில் யார், என்ன வயசு, என்ன தொழில், எங்கே பிறந்தவர் என்று பெயரோடு பார்க்கலாம். டைரக்டரியை அதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். நமக்கு அந்த வசதி இல்லை. 1871-இலிருந்து இங்கே கணக்கெடுத்தார்கள். மொத்த எண்கள் கிடைக்கின்றன, சாதி வாரியாக அட்டவணைகள் கிடைக்கின்றன. ஆனால் ஆய்வாளர் புரட்டிப் பார்க்கும்படி வீடு வாரியான பெயர்ப் பதிவு பொதுவில் இல்லை. இத்தனை ஆயிரம் பேர் இன்ன தொழில் என்று தெரியும். எந்தத் தெருவில், எந்தப் பெயரில் என்று தெரியாது. அந்த இடைவெளியில் ஒரு பங்கையாவது அடைக்கக்கூடிய அச்சு ஆவணம் டைரக்டரி. அங்கே எண் பேசுகிறது, இங்கே பெயரும் முகவரியும் பேசுகின்றன. இதைக் குப்பை என்று தள்ள நமக்கு வசதி இல்லை.

அதில் என்ன தெரியும்? சிலவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, தொழில்கள் சாவதும் பிறப்பதும். சிம்ப்சன் நிறுவனம் 1840-இல் தொடங்கியது. குதிரை வண்டி கட்டுகிற கம்பெனி. 1903-இல் அதே நிறுவனத்தின் சாமுவேல் ஜான் கிரீன் நீராவியில் ஓடும் கார் ஒன்றைக் கட்டினார். கோச்சு கட்டியவர்கள் மோட்டாருக்கு மாறினார்கள். அது முதலாளியின் கதை, எல்லோருக்கும் தெரியும். ஆனால் பத்து வருஷ இடைவெளியில் மூன்று பதிப்புகளை எடுத்து 'வண்டி கட்டுவோர்' என்ற தலைப்பை மட்டும் பார்த்தால், மாற முடிந்தவர் யார், மாற முடியாமல் பட்டியலிலிருந்து காணாமல் போனவர் யார் என்று பார்க்கலாம். வெற்றி பெற்ற கம்பெனி நூற்றாண்டு மலர் போடும். தோற்ற கம்பெனியின் சமாதிக்கல் டைரக்டரியில்தான் இருக்கிறது.

இரண்டு, சரிவுகள். ஆர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபரில் திவாலானது. பணம் போட்ட பல்லாயிரம் பேர் தெருவுக்கு வந்தார்கள். கம்பெனியின் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனார். அந்த அதிர்ச்சியில்தான் 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. இது பாடப்புத்தகம். ஆனால் அந்த வீழ்ச்சியோடு சேர்ந்து எத்தனை சின்ன வியாபாரங்கள் விழுந்தன? சரிவுக்கு முன்பு வந்த பதிப்பையும் இரண்டு மூன்று வருஷம் கழித்து வந்த பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர்களை அடித்துக்கொண்டே வாருங்கள். காணாமல் போன ஒவ்வொரு பெயருக்கும் ஆர்பத்நாட்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

மூன்று, நமக்கு மட்டும் படிக்கத் தெரிந்த விஷயங்கள். ரங்கூன், பினாங்கு, கொழும்பு டைரக்டரிகளில் செட்டியார் நிறுவனங்கள் நான்கைந்து எழுத்துகளாக வரிசை கட்டி நிற்கும். வெள்ளைக்கார ஆய்வாளருக்கு அது வெறும் தலையெழுத்து. நகரத்தார் வழக்கில் அதற்குப் பெயர் விலாசம். தாத்தா, அப்பா, மகன் என்று தலைமுறைகளின் முதலெழுத்துகளைக் கோத்த கடைப்பெயர். ஒரே எழுத்துத் தொடர் இரண்டு ஊர்களில் வந்தால், அல்லது ஒரு எழுத்து மட்டும் மாறி வந்தால், அங்கே பங்காளி உறவோ பாகப்பிரிவினையோ இருக்கிறதா என்று தேடலாம். தமிழ் தெரிந்தவர் கையில் மட்டும் திறக்கும் பூட்டு இது. ஆனால் நாம் ஸ்பென்சர்ஸ் படத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறோம்.

நான்கு, பெயர்ப் பலகை. சாப்பாட்டுக் கடை ஒன்று தன்னை 'பிராமணாள் ஹோட்டல்' என்று சொல்லிக்கொள்கிறது. இன்னொன்று 'மிலிட்டரி ஹோட்டல்'. இந்த இரண்டு பெயர்களிலும் யார் உள்ளே வரலாம், இலையில் என்ன விழும் என்பது அடங்கியிருக்கிறது. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியார் இயக்கத்தார் போராடியது அந்தப் பலகையில் இருந்த ஒரு சொல்லுக்கு எதிராகத்தான். வணிகப் பெயர் என்பது சமூக ஆவணம் என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது. காபி என்ற ஒரு பானத்தை வைத்துத் தமிழ்ச் சமூகத்தின் நடுத்தர வர்க்கத்தையும் சாதியையும் படிக்க முடியும் என்று ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' கட்டுரையில் செய்து காட்டினார். அப்படி எழுத இன்னும் நூறு பொருள்கள் காத்துக் கிடக்கின்றன. சோடா, குடை, மூக்குக் கண்ணாடி, தையல் மெஷின், சைக்கிள். ஒவ்வொன்றுக்கும் தடயம் டைரக்டரியின் ஏதோ ஒரு தலைப்பில் இருக்கிறது.

ஆல்பம் ஆக்கியவர்களுக்கு

இப்போது இரண்டாவது கோஷ்டி. இவர்கள் டைரக்டரியைக் காதலிக்கிறார்கள். ஆனால் படிப்பதில்லை, பார்க்கிறார்கள்.

டைரக்டரி பொய் சொல்லும். ஒழுங்காக, வருஷா வருஷம், ஒரே மாதிரிப் பொய் சொல்லும். அச்சுக்குப் போன நாளுக்கும் கடைக்கு வந்த நாளுக்கும் இடையில் ஆட்கள் செத்திருப்பார்கள், கடை மாறியிருக்கும். போன வருஷத்து வரியை அப்படியே எடுத்துப் போட்டிருப்பார்கள். காசு கொடுத்தவருக்குப் பெரிய எழுத்து. அரைப் பக்க விளம்பரம் போட்ட கடை ஊரிலேயே பெரிய கடை என்று அர்த்தம் இல்லை, விளம்பரத்துக்குச் செலவழித்த கடை என்றுதான் அர்த்தம். இதெல்லாம் எந்த ஊர் டைரக்டரிக்கும் பொருந்தும்.

மதராஸுக்கென்று தனிப் பொய் ஒன்று உண்டு. மவுண்ட் ரோடு ஐரோப்பியர் வாங்கும் சில்லறைக் கடைகளின் தெரு. ஜார்ஜ் டவுன், அதாவது பழைய கறுப்பர் பட்டணம், ஊரையே தீனி போட்டு வளர்த்த மொத்த வியாபாரத்தின் இடம். தங்கசாலை, கோவிந்தப்ப நாயக்கன் தெரு, பவளக்காரத் தெரு, ரத்தன் பஜார், கொத்தவால் சாவடி. பணமும் சரக்கும் பெரும் அளவில் புரண்டது இந்தச் சந்துகளில். ஆனால் டைரக்டரியில் எது விரிவாக இருக்கும்? ஐரோப்பிய நிறுவனம் என்றால் பங்குதாரர் யார், உதவியாளர் யார், என்ன ஏஜென்சி என்று வரிசையாகப் பெயர் வரும். உள்ளூர் வியாபாரிக்குப் பெரும்பாலும் ஒரு பெயரும் ஒரு தெருவும். அந்தப் பெயரும் வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி இருக்கும். செட்டி 'சிட்டி' ஆகியிருப்பார். முதலியாருக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் என்று எண்ணி மாளாது. கணினியில் தேடுகிறவர் ஒரே ஒரு எழுத்துக்கூட்டலைப் போட்டுத் தேடிவிட்டு "இல்லை" என்று முடிவு கட்டுகிறார்.

இன்னும் உள்ளே போங்கள். ஐரோப்பியக் கம்பெனிகளின் வியாபாரம் துபாஷிகளை நம்பி நடந்தது. மொழி, கடன், நம்பகம் மூன்றும் அவர்கள் கையில். கம்பெனியின் பெயரில் நிற்பது ஸ்காட்லாந்துக்காரர். துபாஷி அந்தப் பெயரின் நிழலில்.

அதற்கும் கீழே? பக்கிங்காம் ஆலை 1876, கர்னாடிக் ஆலை 1881. பின்னி கம்பெனியின் இந்த இரண்டு ஆலைகளில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை பார்த்தார்கள். வட சென்னை என்று நாம் இன்று சொல்வதன் பெரும் பகுதி அந்தச் சங்குச் சத்தத்தில் எழுந்து படுத்த ஊர். 1918-இல் அங்கேதான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1921-இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம், புளியந்தோப்பில் கலவரம், துப்பாக்கிச் சூடு. டைரக்டரிக்கு ஆலை என்பது ஒரு நிறுவனம், சில மேலதிகாரிகளின் பெயர்கள். நெசவுக்கூடத்தில் நின்றவன் அந்தப் புத்தகத்துக்குள் வர வழியே இல்லை. அவனைத் தேடி யாரும் விலாசம் கேட்க மாட்டார்களே!

பெரியமேட்டுத் தோல் வியாபாரத்தை எடுங்கள். தோல் ஏற்றுமதியாளர்களைத் தலைப்புப் போட்டுத் தேடலாம். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலை அலசிய கைகளை எந்தத் தலைப்பில் தேடுவது? மீன் கூடை சுமந்து வந்த பெண், இட்லிக்காரம்மா, பூக்காரி, வண்டி மாட்டுக்கு லாடம் அடித்தவர், புல்லுக்கட்டு விற்றவர்? மான்செஸ்டரின் முதல் டைரக்டரியைப் போட்டவரே ஒரு வியாபாரப் பெண். மதராஸின் தெரு வியாபாரத்தைத் தலையில் சுமந்த பெண்களுக்கு டைரக்டரியில் ஒரு தலைப்பு கூட இல்லை.

சிம்ப்சனின் அந்த ஒற்றை வரிக்கே திரும்புவோம். ஒரு கோச்சு வண்டி தெருவுக்கு வர எத்தனை கை வேண்டும்? மரம் அறுப்பவர், தச்சர், கொல்லர், தோல் தைப்பவர், மெத்தை அடிப்பவர், வர்ணம் பூசுபவர். தெருவுக்கு வந்த பிறகு? குதிரைக்காரர், லாடக்காரர், புல் அறுத்துச் சுமந்து வருகிறவர், லாயத்தில் சாணி அள்ளுகிறவர். ஒரு வரிக்குப் பின்னால் ஒரு சேரியே நிற்கிறது. நாம் பகிர்ந்து கொண்டாடுவது அந்த வரியை மட்டும்.

இதில் என்ன கெட்டுப்போச்சு?

"சரி, பழைய புத்தகத்தில் பெயர் இல்லை. அதனால் இப்போ யாருக்கு என்ன நஷ்டம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. என் கோபத்தின் காரணமே அங்கேதான் இருக்கிறது.

இந்த ஊரில் கூவம், அடையாறு கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் தலைமுறைகளாகக் குடியிருந்தவர்களை 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் தென்கோடிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறோம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அது இன்னும் வேகம் பிடித்தது. அவர்களைக் குறிக்க நிர்வாகம் பயன்படுத்தும் சொல் 'ஆக்கிரமிப்பாளர்'. அதாவது, இடையில் வந்து உட்கார்ந்தவர்கள். இந்த ஊரின் வரலாற்றில் இல்லாதவர்கள்.

அதே ஊரில் அதே ஆண்டுகளில் 'பாரம்பரியம்' என்ற சொல்லும் செழித்து வளர்ந்தது. எது பாரம்பரியம்? சிவப்புச் செங்கல் கட்டடம், வளைவு வாசல், பழைய கடையின் பெயர்ப் பலகை. அந்தக் கடைக்கு ஆதாரம் இருக்கிறது. டைரக்டரியில் வருஷா வருஷம் பெயர் இருக்கிறது. அந்தக் கடைக்கு மூட்டை தூக்கிய குடும்பத்துக்கு ஆதாரம் கேட்டால் என்ன காட்டுவார்கள்? அவர்களுடைய தாத்தாவை எந்த அல்மனாக் அச்சடித்தது?

ஆக, ஒரு பட்டியல் நூறு வருஷத்துக்கு முன்னால் தன் வாடிக்கையாளரின் வசதிக்காகச் சிலரை விட்டது. நூறு வருஷம் கழித்து நாம் அந்தப் பட்டியலை ஊரின் முகமாக எடுத்துக்கொள்கிறோம். விடுபட்டவர்கள் ஊரிலேயே இல்லாதவர்களாக ஆகிவிடுகிறார்கள். டைரக்டரி யாரையும் வெளியேற்றவில்லை. வெளியேற்றத்தைப் பார்த்து யாரும் பதறாமல் இருப்பதற்கான மனநிலையை நம்முடைய பெருமூச்சுகள் உண்டாக்கிக் கொடுக்கின்றன. கட்டடத்தை இடித்தால் கையெழுத்து இயக்கம். குடியிருப்பை இடித்தால் 'நகர மேம்பாடு'.

தெருப்பெயர்களின் கதையும் இதன் உறவுக்காரக் கதைதான். நெசவாளர்களுக்காக 1734-இல் அமைத்த சிந்தாதிரிப்பேட்டை, துணி வெளுத்தவர்களின் வண்ணாரப்பேட்டை என்று தொழிலும் சாதியும் ஊரின் வரைபடத்திலேயே பதிந்திருக்கின்றன. கறுப்பர் பட்டணத்தில் வலங்கை, இடங்கைச் சாதிகள் எந்தத் தெரு யாருக்கு என்று மோதிக்கொண்டதும், 1707-ஐ ஒட்டி கவர்னர் தாமஸ் பிட் காலத்தில் அது பெரிய நெருக்கடி ஆனதும் பதிவாகியிருக்கிறது. பிற்பாடு பலகைகளிலிருந்து சாதிப் பின்னொட்டை அழித்தோம். நல்ல காரியம். ஆனால் பலகையில் அழிந்தது பத்திரத்திலும் அழிந்ததா? எந்தத் தெருவில் எந்தக் குடும்பங்களின் வியாபாரம் எத்தனை தலைமுறை நின்றது, எவர் உள்ளே வரவே முடியவில்லை என்று பார்க்க டைரக்டரியை வருஷ வரிசையில் அடுக்கினால் போதும். சாதி என்ற சொல் ஒரு இடத்திலும் வராமலே சாதி தெரியும்.

எப்படிப் படிப்பது?

ஒரு ஆட்சேபம் வரும். "இல்லாததைப் படிக்கச் சொல்கிறீர்கள். அப்படியானால் ஆளாளுக்குக் கற்பனை செய்து எழுதிவிட மாட்டார்களா?" செய்வார்கள். செய்கிறார்கள். அதனால்தான் முறை வேண்டும். விடுபட்ட இடத்தில் மனசுக்குப் பிடித்த ஒரு குப்பனையோ முனியம்மாவையோ உட்கார வைத்துக் கதை எழுதுவது நாவலுக்குச் சரி. வரலாற்றுக்கு அது இன்னொரு வகை ஏமாற்று.

முழு நகரத்தையும் தூக்க வேண்டாம். ஒரு தெரு போதும். பத்து வருஷ இடைவெளியில் மூன்று பதிப்புகள். ஒரு அட்டவணை போடுங்கள்: பெயர், தொழில், கதவு எண். மூன்றிலும் நின்றவர், நடுவில் வந்தவர், போனவர். ஒரே வரி எழுத்துப் பிசகாமல் திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகப்படுங்கள், பழைய அச்சைப் பார்த்துக் காப்பி அடித்திருக்கலாம். விளம்பரத்தையும் பட்டியலையும் தனித்தனியாக வையுங்கள்.

அப்புறம் இரண்டாவது அட்டவணை. முதல் அட்டவணையில் இருக்கும் ஒவ்வொரு தொழிலுக்கும் அது நடக்க வேறு எந்த உழைப்பு தேவை என்று எழுதுங்கள். பெயர் போடாதீர்கள், வேலையை மட்டும் எழுதுங்கள். இது விடுபட்டவர்களின் பட்டியல். இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வேறு ஆவணங்களுக்குப் போங்கள். மாநகராட்சி அறிக்கைகள், நீதிமன்ற வழக்குகள், வேலைநிறுத்தச் செய்திகள், அரசுக்கு எழுதிய மனுக்கள், சுதேசமித்திரன் போன்ற பழைய நாளிதழ்கள். எழும்பூர் ஆவணக் காப்பகம் இருக்கிறது, கன்னிமாரா இருக்கிறது, தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. டைரக்டரி பதில் சொல்லாத கேள்வியை அதுவேதான் உங்களுக்குத் தயாரித்துக் கொடுத்திருக்கிறது. முதல் அட்டவணை இல்லாமல் இரண்டாவது அட்டவணை பிறக்காது. அதனால்தான் குப்பை என்கிறவர்களோடும் எனக்குச் சண்டை.

இதைச் செய்ய முனைவர் பட்டம் தேவையில்லை. பொறுமை தேவை. மதுரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் என்று உங்கள் ஊருக்கும் பட்டியல்கள் இருக்கும். இல்லாவிட்டால் வியாபாரச் சங்க மலர், கோயில் கும்பாபிஷேக மலரின் விளம்பரப் பக்கங்கள், பள்ளி நூற்றாண்டு மலர் என்று வீட்டுப் பரணில் தேடுங்கள். பழைய பேப்பர்க்காரர் தராசில் கிலோ கணக்கில் போய்க்கொண்டிருப்பது அவைதான்.

நாளைக்கு நம்மைத் தேடுகிறவர்கள்

நம் காலத்து டைரக்டரி எது? கூகுள் மேப். அதற்குப் பதிப்பு கிடையாது, வருஷம் கிடையாது. கடை மூடினால் கொஞ்ச நாள் 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று காட்டும், அப்புறம் அதுவும் போய்விடும். 1900-இல் உங்கள் தெருவில் பெரிய கடை எது என்று கண்டுபிடிக்க ஓரளவு வழி இருக்கிறது. 2012-இல் உங்கள் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர் யார் என்று 2060-இல் கண்டுபிடிக்க என்ன வழி? எல்லோ பேஜஸ் புத்தகத்தை நாமே தூக்கிப் போட்டோம்.

அதிலும் பழைய விதி அப்படியே வேலை செய்கிறது. வாங்குகிறவருக்குத் தேவையான பெயர் உள்ளே, மற்றது வெளியே. கஃபேவுக்கு ஆயிரம் ரிவ்யூ. அதன் வாசலில் டீ கேன் வைத்து நிற்கிறவருக்கு ஒரு புள்ளி கூடக் கிடையாது. நாளைக்கு அந்த நடைபாதையை அகலப்படுத்தும்போது அவரும் 'ஆக்கிரமிப்பாளர்' ஆவார். ஆதாரம் கேட்பார்கள்.

எனவே அடுத்த ஆகஸ்டில் இன்னொரு கோச்சு வண்டி விளம்பரத்தைப் பகிர்வதற்குப் பதில் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தெருவில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடங்கள். கடை, தள்ளுவண்டி, செருப்புத் தைப்பவர், இஸ்திரி வண்டி, காலை எட்டு மணி வரை மட்டும் இருக்கும் இட்லிக் கடை. வேலை, இடம், எத்தனை வருஷமாக, தேதி. அவர்கள் விரும்பினால் மட்டும் பெயர். காகிதத்தில் எழுதி, பக்கத்து நூலகத்தில் ஒரு பிரதி கொடுங்கள். வாங்க மறுத்தால் சண்டை போடுங்கள்.

அசைலம் பிரஸ் தன் வாடிக்கையாளருக்கு வேண்டியதை அச்சடித்தது. அது அவர்கள் பிழைப்பு. நாம் யாருடைய வாடிக்கையாளர் என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.